லயத்தை விட்டு இறங்கும் நாளுக்கு முன்: தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஓய்வுக்காலச் சேமிப்பு வழிகாட்டி

தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போய்விடும். பட்டணத்தில் ஆபீஸ் வேலை பார்ப்பவர் கடைசிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு தன் சொந்த வீட்டுக்குத் திரும்புவார். நம் ஆள் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம், தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்தின் சாவியையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சாவிதான்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் என் அப்பா 31 ஆண்டுகள் ரப்பர் பால் வெட்டினார். 55 வயதில் இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதிக் காசு மொத்தமாகக் கைக்கு வந்தது. அக்காவின் கல்யாணம், ஒரு பழைய கார், சொந்தக்காரர் ஒருவருக்குக் கைமாற்று. வீட்டுக்கு முன்பணம் கட்ட என்று ஒதுக்கி வைத்ததும் அந்தக் கைமாற்றிலேயே போனது. மூன்றாவது தீபாவளிக்குள் கணக்குப் புத்தகத்தில் ஒன்றும் மிச்சமில்லை. தாமானில், அதாவது பட்டணத்துக் குடியிருப்பில், ஒரு வாடகை வீட்டில்தான் அவர் கண்ணை மூடினார். அவருக்குச் சொல்ல அன்று ஆளில்லை. அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும், 40 தாண்டியும் இன்னும் தொடங்காதவர்களுக்கும் இது.

முதல் வேலை: இ.பி.எஃப். கணக்கைத் திறந்து பாருங்கள்

ஊழியர் சேமநிதி 1951 முதல் இருக்கிறது. நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்தே தோட்டத்துச் சம்பளத்தில் அது பிடிக்கப்படுகிறது. ஆனாலும் தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாதவர்கள் நம்மில் நிறையப் பேர்.

உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கிறார்கள். சம்பளம் 5,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகாதவரை முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு போட வேண்டும். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை வைத்துப் பார்ப்போம். உங்கள் பங்கு 187, முதலாளி பங்கு 221, ஆக மாதம் 408 வெள்ளி. அதாவது கைக்கு வராத சம்பளம் ஒன்று மாதாமாதம் உங்கள் பெயரில் சேர்கிறது. ஆண்டுக்கு 5 விழுக்காடு லாபம் என்று வைத்து, எதையும் எடுக்காமல் 30 ஆண்டுகள் விட்டால், இந்த 408 வெள்ளி 3 லட்சத்து 25 ஆயிரத்தை எட்டும். சம்பளம் ஒரு காசுகூட ஏறாமலே வரும் தொகை இது. 2020இல் 5.20, 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு என்று இ.பி.எஃப். லாபம் கொடுத்திருக்கிறது. அதனால் 5 என்பது அளவுக்கு மீறிய ஆசையாக எனக்குத் தோன்றவில்லை. சட்டப்படி உறுதி தரப்படுவது, வழக்கமான சேமிப்புக்கு, 2.5 விழுக்காடு மட்டும். அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கைப்பேசியில் ஐ-அக்காவுன் செயலியை இறக்குங்கள். பிள்ளைகள் உதவி செய்வார்கள். உள்ளே போனதும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். மாதவாரிப் பட்டியலைத் திறந்து, சம்பளச் சிட்டையைப் பக்கத்தில் வைத்து, மாதம் மாதமாக ஒத்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்கான பணத்தை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் ஒரு கொந்தராக்டரிடம் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை செய்தேன். சிட்டையில் இ.பி.எஃப். பிடித்ததாக அச்சாகியே வரும். பதினான்கு மாதம் கழித்துப் பார்த்தால் கணக்கில் மூன்று மாதக் காசுதான் ஏறியிருந்தது. மிச்சம் பதினொரு மாதமும் என் சம்பளத்தில் கழித்தது கழித்ததுதான். சிட்டைகளை நான் தூக்கிப் போட்டுவிட்டதால் எதையும் காட்ட முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: சிட்டைகளை ஒரு டின்னில் போட்டு வையுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறவில்லை என்றால் மூன்றாவது மாதம் வரை காத்திருக்க வேண்டாம். சிட்டையோடு இ.பி.எஃப். அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுங்கள். நம் பக்கத்துக்காரர்களுக்கு ஈப்போ. கொந்தராக் வேலைக்காரர்களுக்கு இது மிக மிக அவசியம்.

மூன்று கணக்கும் அதில் கை வைக்கும் ஆசையும்

2024 மே 11 முதல், 55 வயதுக்குட்பட்டவர்களின் புதுப்பணம் மூன்றாகப் பிரிகிறது. 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கு, மலாயில் பெர்சாராஆன். 15 விழுக்காடு செஜாத்தெரா கணக்குக்கு. 10 விழுக்காடு ஃபிளெக்சிபெல் கணக்குக்கு. முதலாவதை 55 வரை எடுக்க முடியாது. இரண்டாவதை வீடு, படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கு எடுக்கலாம். மூன்றாவதை எப்போது வேண்டுமானாலும், 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம்.

அந்த மூன்றாவதுதான் எனக்குக் கவலை. 1,700 வெள்ளிச் சம்பளத்தில் அதில் மாதம் சேர்வது 40 வெள்ளி 80 காசு. மோட்டாருக்கு டயர் மாற்ற, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க என்று அது மாதாமாதம் கரைவதை என் கண்ணால் பார்க்கிறேன். அதே 40 வெள்ளி 80 காசை 30 ஆண்டுகள், அதே 5 விழுக்காட்டில் விட்டால் 32,000 வெள்ளிக்கு மேல். சின்னத் தாமானில் ஒரு வீட்டின் முன்பணத்தைத் தாண்டிய தொகை அது. உண்மையான ஆபத்துக்கு எடுங்கள், அதற்குத்தான் அது இருக்கிறது. மற்ற நேரங்களில் அந்தக் கணக்கு இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கோவிட் காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என்று இ.பி.எஃப். காசை முன்கூட்டியே எடுக்கத் திறந்துவிட்டபோது வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அடுப்பு எரிய வேண்டியிருந்தது. ஆனால் அப்போது எடுத்த தொகை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதைத் திருப்பி வைப்பதையும் ஒரு கடனாகவே நினையுங்கள்.

வீடு

இதைத் தனியாகவே எழுத வேண்டும். நம்மவர்களில் பலர் லயத்தில் வாடகை இல்லாமல் இருக்கும் காலத்தில் வீட்டைப் பற்றி நினைப்பதில்லை. "இருக்கும் வரைக்கும் இருப்போம், அப்புறம் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்வதை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்! தோட்டம் கைமாறினாலும், நிலம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனாலும் அந்த "இருக்கும் வரை" சட்டென்று முடிந்துவிடும்.

வங்கி வீட்டுக் கடன் பொதுவாக 35 ஆண்டு அல்லது 70 வயது, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான். 30 வயதில் கேட்டால் 35 ஆண்டு கிடைக்கும். 52 வயதில் கேட்டால் 18 ஆண்டுதான், மாதத் தவணை கழுத்தை நெரிக்கும். அதனால் வீட்டை 40க்குள் பார்க்கத் தொடங்குங்கள். செஜாத்தெரா கணக்கில் சேர்வதை வீட்டுக்கென்றே விட்டு வையுங்கள். முன்பணத்துக்கும் எடுக்கலாம், பிறகு கடனைக் குறைக்கவும் எடுக்கலாம். தனியாக முடியவில்லை என்றால் கணவன் மனைவி சேர்ந்தோ, சம்பாதிக்கும் பிள்ளையோடு சேர்ந்தோ வாங்கலாம். பிள்ளையோடு வாங்கும்போது பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். வயதான காலத்தில் அந்த ஒரு வரி உங்களுக்கு எவ்வளவு துணை என்று அப்போது தெரியும்.

பட்டணத்து நடுவில்தான் வேண்டும் என்றில்லை. ஆஸ்பத்திரி, பஸ், கோயில், சந்தை ஆகியவற்றுக்கு நடந்தோ ஒரு பஸ்ஸிலோ போகக்கூடிய இடமாகப் பாருங்கள். எழுபது வயதில் மோட்டார் ஓட்ட முடியாது.

எவ்வளவு போதும்?

நெடுங்காலமாக இ.பி.எஃப். சொல்லி வந்த அடிப்படைத் தொகை, 55 வயதில் 2 லட்சத்து 40 ஆயிரம் வெள்ளி. 20 ஆண்டுகளுக்கு மாதம் 1,000 வெள்ளி என்ற கணக்கு அது. விலைவாசி ஏறிவிட்டதால், 60 வயதில் 3 லட்சத்து 90 ஆயிரம் என்று அந்த அடிப்படை உயர்த்தப்பட்டிருக்கிறது.

இந்த எண்களைப் பார்த்துப் பயந்து புத்தகத்தை மூடிவிட வேண்டாம். உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போடுங்கள். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து, மூன்று மாதத்துக்கு வீட்டுச் செலவை எழுதுங்கள். அரிசி, மீன், கரண்டு, தண்ணீர், மருந்து, பெட்ரோல், கல்யாண மொய், தேர்த் திருவிழா நன்கொடை எல்லாம். அப்புறம் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் மோட்டார் தவணையையும் அடித்துவிட்டு, மருந்துச் செலவை இரண்டு மடங்காக்குங்கள். வருகிற தொகைதான் உங்கள் ஓய்வுக்கால மாதச் செலவு. அது 1,500 என்றால், 20 ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். சொந்த வீடு இல்லாவிட்டால் வாடகையையும் கூட்டுங்கள். கூட்டிப் பார்க்கும்போது நான் ஏன் வீட்டைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதினேன் என்று புரியும்.

கூட்டு, நகை, கடன்

கூட்டு கட்டாத தோட்டம் உண்டா? பத்துப் பேர் மாதம் 200 போட்டு ஒருவர் எடுப்பது, தீபாவளிக்கும் பள்ளி திறப்புக்கும் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கியிருக்கிறது. ஆனால் அதில் போட்ட காசு வளர்வதில்லை. கூட்டுப் பிடிக்கிறவர் காணாமல் போனால் கேட்க நாதியும் இல்லை. கூட்டைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்யும் சட்டம் 1971 முதல் இருக்கிறது. ஓய்வுக்காலக் காசைக் கூட்டில் வைக்கவே வைக்காதீர்கள்.

நகையை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் இரண்டு வளையல்கள்தான் என் படிப்பைக் காப்பாற்றின. ஆனால் செய்கூலி கொடுத்து வாங்குகிறோம், விற்கும்போது அது திரும்புவதில்லை. அடகுக் கடையில் மாதம் 2 விழுக்காடு என்று சொல்லும்போது சின்னதாகத் தெரியும். ஆண்டுக்கு அது 24 விழுக்காடு. இ.பி.எஃப்.பில் 6 விழுக்காடு வாங்கிக்கொண்டு அடகுக் கடைக்கு 24 கட்டினால் சேமிப்புக்கு அர்த்தமே இல்லை. அதனால் வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள்: வட்டிக்காரனிடம் வாங்கியது, அடகு, கிரெடிட் கார்டு என்ற வரிசையில். வீட்டுக் கடனுக்கு அவசரம் இல்லை.

அவசரக் காசு

மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். பேங்க் சிம்பானான் நேஷனல் போதும், நம் ஊரிலேயே இருக்கிறது. பி.ஐ.டி.எம். என்ற வைப்புக் காப்புறுதிக் கழகத்தில் அது உறுப்பினர் இல்லை; உறுப்பினரான வேறு வங்கியில் வைத்தால் ஓர் ஆளுக்கு 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி வரை அந்தப் பாதுகாப்பு உண்டு. அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டைப் பர்சில் வைக்க வேண்டாம். சாமி மேடைக்கு அடியில் வையுங்கள்.

சம்பளச் சிட்டை இல்லாதவர்களுக்கு

நாசி லெமாக் விற்கிற அக்கா, தையல் தைக்கிறவர், சொந்த லோரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கும் மனைவி. இவர்களுக்கு முதலாளி பங்கு கிடையாது. ஆனால் அரசாங்கம் கொஞ்சம் போடுகிறது. பெரும்பாலோருக்கு இது தெரியாது.

ஐ-சாராஆன் திட்டத்தில் சேர்ந்து நீங்களாக இ.பி.எஃப்.பில் காசு போட்டால், அதற்கு 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கம் கூடப் போடும். முழு 500ஐயும் வாங்க ஆண்டுக்கு 2,500 போட வேண்டும். நாளைக்கு 7 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. வாழ்நாளில் மொத்தம் 5,000 வெள்ளி வரை இது கிடைக்கும். 60 வயதுக்குள் இருக்க வேண்டும், ஐ-அக்காவுனில் பதிந்துகொள்ள வேண்டும். பதியாமல் சும்மா காசு போட்டால் அந்த உதவி வராது. ஏழைக் குடும்பங்களுக்கான அரசாங்க இ-காசே பட்டியலில் இருக்கும் குடும்பத் தலைவிகளுக்கு ஐ-சூரி இன்னும் நல்லது. போடுவதில் பாதி, ஆண்டுக்கு 300 வெள்ளி வரை. மாதம் 50 வெள்ளி போட்டாலே முழு 300ம் வந்துவிடும். இந்தத் தொகைகள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதுண்டு, சேரும்போது கவுண்டரில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

"மாதம் 50 வெள்ளியா, அதில் என்ன வரும்" என்று கேட்பவர்களுக்கு, அமைச்சராக இருந்த நம் ஊர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நினைவுபடுத்துவேன். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலம். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி வீதம் பாட்டாளிகளிடம் சேர்த்த காசில்தான் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. என் பாட்டி அந்தப் பங்குப் பத்திரத்தைச் சாகும்வரை பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார்.

அதற்கு மேல் மிச்சம் இருந்தால்

கடன் இல்லை, அவசரக் காசு இருக்கிறது, இ.பி.எஃப். ஓடுகிறது என்றால், அடுத்து அமானா சகாம் மலேசியா என்ற யூனிட் டிரஸ்ட் முதலீடு. அமானா சகாம் பூமிபுத்ரா, மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கு மட்டும் என்பதால் அதில் நாம் சேர முடியாது. ஆனால் அமானா சகாம் மலேசியா, மலேசியா 2 வவாசான், மலேசியா 3 ஆகிய மூன்றும் எல்லா மலேசியர்களுக்கும் உரியவை. ஒரு யூனிட் எப்போதும் ஒரு வெள்ளி, அதனால் போட்ட முதலின் விலை ஏறி இறங்குவதைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. லாபம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதற்கு உறுதி கிடையாது. சில நேரம் யூனிட் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். விட்டுவிடாமல் செயலியில் வெவ்வேறு நாளில் முயன்றால் கிடைக்கும்.

பி.ஆர்.எஸ். என்ற தனியார் ஓய்வுக்காலத் திட்டம் 2012 முதல் இருக்கிறது. அதன் பெரிய கவர்ச்சி, ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு. வரி கட்டும் சம்பளம் இல்லாதவருக்கு அந்தக் கவர்ச்சி ஒன்றுமில்லை. விலை ஏறும் இறங்கும், கட்டணமும் உண்டு. பட்டணத்தில் வேலை பார்க்கும் உங்கள் மகனுக்கோ மகளுக்கோ அது பொருந்தலாம். பங்குச் சந்தையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மாதம் 1,700 வாங்குகிறவருக்கு அது முதல் படி இல்லை.

பெயர் கொடுப்பது

நாம் இறந்தபின் இ.பி.எஃப். காசு யாருக்கு என்று பெயர் கொடுத்து வைக்க வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே பணம் போகும். கல்யாணத்துக்கு முன் அண்ணன் பெயரைக் கொடுத்துவிட்டு மாற்றாமல் விட்டால், மனைவி தாலியை இறக்கிவிட்டு அண்ணனிடம் போய் நிற்க வேண்டும். பெயரே கொடுக்கவில்லை என்றால் சொத்து நிர்வாகக் கடிதம் அது இது என்று மாதக்கணக்கில் அலைச்சல். கல்யாணம், குழந்தை, யார் பெயரைக் கொடுத்தீர்களோ அவரின் மரணம், இந்த மூன்றில் எது நடந்தாலும் மாற்றுங்கள்.

அம்மாவை இதற்காக ஈப்போவுக்குக் கூட்டிப் போனேன். கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்தார், படிக்கவில்லை. துடைத்து வைத்தார், படிக்கவில்லை. ஆள்காட்டி விரலையும் பார்த்தார்கள். உளியும் பாலும் பல ஆண்டு தேய்த்த விரலில் ரேகையே இல்லை, பட்டுத் துணி மாதிரி வழுவழுப்பு. அம்மா வெட்கப்பட்டுக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். கவுண்டரில் இருந்த பெண் எழுந்து வந்து, "பரவாயில்லை அம்மா" என்று மலாயில் சொல்லி, ஐ.சி. என்ற அடையாள அட்டையை வாங்கி வேறு வழியில் முடித்துக் கொடுத்தார். உங்கள் அம்மா அப்பாவுக்கும் இப்படி நடக்கும். கூடப் போங்கள், அரை நாள் லீவு எடுத்தாவது போங்கள்.

55 வரும்போது

அந்தக் காசை 55இல் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. எடுக்காமல் விட்டால் 100 வயது வரை லாபம் ஏறிக்கொண்டே இருக்கும். வேலையின் ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60 ஆகிவிட்டது. 55க்கு மேல் வேலை செய்து சேர்ப்பது எமாஸ் கணக்கில் போகும், அதை 60இல் எடுக்கலாம். மொத்தமாக எடுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம், மாதாமாதம் சம்பளம்போல வங்கிக்கு வரச் செய்யலாம். வீட்டுக் கடனில் மிச்சம் இருந்தால் அதை அடைக்கும் அளவுக்கு மட்டும் எடுத்துவிட்டு, மற்றதை மாதாமாதம் வரச் செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை.

அந்த வயதில் வீடு தேடி வருகிறவர்கள் கூடுவார்கள். மாதம் 10 விழுக்காடு தருகிறேன் என்பவர், டெலிகிராமில் தங்க வியாபாரம் என்பவர், கோயிலில் பழகியவர், சொந்தத் தம்பி மகன். மாதம் 10 விழுக்காடு என்றாலே அது ஏமாற்று, அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. பங்குச் சந்தை ஆணையமும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கின்றன, பெயரைத் தேடிப் பார்க்கப் பிள்ளைகளைக் கேளுங்கள். ஏமாந்து காசு அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க முடிவதெல்லாம் முதல் சில மணி நேரத்தில்தான்.

உறவுக்காரர் கைமாற்று கேட்டால்? "காசு என் கையில் இல்லை, மாதாமாதம்தான் வருகிறது" என்று சொல்லலாம். அப்பாவுக்கு அப்படிச் சொல்ல வழி இல்லாமல் போனது. அம்மாவுக்கு நான் அப்படித்தான் ஏற்பாடு செய்தேன். அவர் பால் வெட்டிச் சேர்த்தது பெரிய தொகை இல்லை, மாதம் 350 வெள்ளி வருகிறது. காசு ஏறியதும் பேங்க் புத்தகத்தில் பதிந்துகொண்டு வருவார், வரும் வழியில் தனக்கு ஒரு முழம் மல்லிகையும் எனக்கு இரண்டு வடையும் வாங்குவார்.